துறைமுகத்துக்கு வர வேண்டாம், அண்ணி

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நாங்கள் மூவரும் கடல்மேல் சௌக்கியம். நீங்களும் அண்ணாவும் உங்கள் பிள்ளைகள், தடியன்கள் இருவரும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும்.

இந்த நேரம்கெட்ட நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். பகலில் எழுதலாம் என்றால் நம் குட்டி மிளகு பேனாவைப் பிடுங்குகிறாள், சாயந்திரம் எழுதலாம் என்றால் உங்கள் தம்பி "என்ன எழுதற, யாருக்கு எழுதற, அக்காவுக்கா, ஏன்?" என்று தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கிறார். இப்போது இருவரும் தூங்குகிறார்கள். உங்கள் தம்பியின் குறட்டையும் கப்பல் இன்ஜினும் ஒரே சுருதியில் போகின்றன. குளியலறைக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு அந்தக் கீற்று வெளிச்சத்தில், மேசை டிராயரில் கிடந்த கப்பல் படம் போட்ட தாளில் எழுதுகிறேன். எழுத்து ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் அதற்குக் கடல்தான் பொறுப்பு.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். நடுக்கடலில் சிக்னல் இல்லை என்பது ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிங்க அண்ணி" என்பேன், வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசிப்பேன். கிளம்புவதற்கு முதல் நாளும் அதுதான் நடந்தது. "மூணு மாசம் பிள்ளையை என்கிட்ட விடு. என் தடியன்களைப் பார்த்தல்ல? நான் வளர்த்தது. நீங்க இறங்கற அன்னிக்கு நானே துறைமுகத்துக்கு வந்து அப்படியே தூக்கிட்டுப் போயிடறேன், உருட்டிவிட்டா உருள்ற மாதிரி ஆக்கித் திருப்பித் தர்றேன்" என்றீர்கள். நானும் சரி என்றேன். அந்தச் சரியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் அண்ணி இந்தக் கடிதம். நாளைக் காலை வழியில் ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்கும். சிக்னல் வந்த உடனே பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பிவிடுவேன். அதற்கு அடுத்து நிற்கிற இடத்தில் நாங்கள் இறங்குகிறோம். நீங்கள் துறைமுகத்துக்கு வர வேண்டாம். ஏனென்றால், மிளகு சாப்பிடுகிறாள்.

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நானே நம்பவில்லை. வீட்டில் அவள் சாப்பாடு உங்களுக்குத் தெரியாததா? எதுவும் சேர்க்காத வெள்ளை நூடுல்ஸ், பிஸ்கட்டின் ஓரம், வாழைப்பழத்தின் கீழ்ப்பாதி. மேல்பாதியைத் திருப்பிப் பிடித்துக் கொடுத்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மூன்றரை வயதுக்கு இந்தப் புத்தி போதும், எடைதான் போதவில்லை. டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார், "கொஞ்சம் ஏறணும்மா, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று. அந்தப் "பார்க்கலாம்" என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. என்ன பார்ப்பார், ஏன் பார்ப்பார் என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

அப்படிப்பட்டவளைக் கப்பல் சாப்பாட்டை நம்பி எப்படிக் கூட்டிவருவது? சின்ன மின்சாரக் குக்கரை எடுத்து, அவளுடைய போர்வையில் இறுகச் சுற்றி, அடிபடாமல் இருக்கட்டும் என்று அவளுடைய கம்பளித் தொப்பியையும் அதன் தலையில் மாட்டிப் பெட்டியில் படுக்க வைத்தேன். ஏறுகிற இடத்தில் பெட்டி இயந்திரத்துக்குள் போய் அங்கேயே நின்றுவிட்டது. பாதுகாப்பு அதிகாரி ஒரு அம்மாள், முகத்தில் சிரிப்பே இல்லை. "உள்ள என்னங்க?" "குழந்தையோடதுங்க." "குழந்தை எங்க?" உங்கள் தம்பியின் தோளில் இருந்த மிளகைக் காட்டினேன். "அப்ப தொப்பி போட்டுப் படுத்திருக்கிறது யாரு?" வரிசை முழுக்கச் சிரித்தது. உங்கள் தம்பி உதவிக்கு வந்தார் என்று நினைத்தேன். "நான் அப்பவே சொன்னேன் மேடம், கேட்கல" என்று அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். சூடாகிற சாமான் எதையும் அறைக்குள் விட மாட்டார்களாம், தீப்பிடிக்கும் பயம். இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு டோக்கனைக் கொடுத்துவிட்டுத் தொப்பியை மட்டும் திருப்பிக் கொடுத்தார். கையில் தொப்பியோடு கப்பல் ஏறினேன் அண்ணி. அப்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மேல்தளத்தில் நாமே எடுத்துச் சாப்பிடுகிற கூடம். வாசலில் ஒருத்தி நின்று, கைகழுவாமல் ஒரு ஈயைக்கூட உள்ளே விட மாட்டாள். உள்ளே போனால், அண்ணி, நான் பொய் சொல்லவில்லை, ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரியாது. இலைதழைகள் ஒரு வரிசை, சூப் ஒரு வரிசை, அடுப்பிலிருந்து அப்போதுதான் வந்த ரொட்டி வகைகள் ஒரு வரிசை, முழுக் கோழியை நம் கண்ணெதிரே அறுத்துக் கொடுக்கிறவர், மீனைப் பொரித்துக் கொடுக்கிறவர், பழத்தைப் பூவாகச் செதுக்கி வைத்துவிட்டு எடுக்க மனசு வராமல் செய்கிறவர். உங்கள் தம்பி ஒரே தட்டில் மீன், மீன் மேல் உருளைக்கிழங்கு, உருளைக்கிழங்கு மேல் கேக் என்று மாடி கட்டிக்கொண்டு வந்தார். அவரை வளர்த்ததிலும் உங்கள் பங்கு உண்டு. நான் பாட்டுக்கு மசித்த கேரட் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு மிளகைத் துரத்தத் தொடங்கினேன். நீச்சல் குளத்தைச் சுற்றி அவள் முன்னே, நான் பின்னே, "ஒரே ஒரு வாய்டி கண்ணு, இதான் கடைசி" என்று நான் கெஞ்ச, குளத்துக் காவலாள் விசில் ஊதி "ஓடாதீங்க! தரை வழுக்கும்!" என்று அத்தனை பேர் முன்னால் என்னை அதட்ட, நான் திடுக்கிட்டு நிற்க, ஸ்பூன் நிற்கவில்லை. வெயிலில் கண்மூடிப் படுத்திருந்த ஒரு பெரியவரின் தொப்பையில் கேரட் போய் விழுந்தது. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. மனைவி வெயில் கிரீம் வைக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, "தேங்க்ஸ்மா" என்று சொல்லி நன்றாகத் தேய்த்துவிட்டுக்கொண்டார். நானும் "பரவால்லைங்க" என்று மெல்லச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். மிளகு அன்று மதியம் சாப்பிட்டது பூஜ்யம்.

ராத்திரிச் சாப்பாடு கீழே பெரிய சாப்பாட்டுக் கூடத்தில். அங்கே மேசை, நாற்காலி, பரிமாறுகிறவர் எல்லாம் பயணம் முடிகிற வரைக்கும் ஒன்றேதான். எங்கள் மேசையில் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவரும் அவர் மனைவியும். பரிமாறுகிற பிள்ளையை மிளகு முதல் நாளே 'மேசை மாமா' ஆக்கிவிட்டாள். முதலில் சூப் வந்தது. ஒரு வாய் வைத்தேன், மிளகு மேசைக்கு அடியில் போய்விட்டாள், ஸ்பூனை வைத்துவிட்டுக் குனிந்து பிடித்து இழுத்துக்கொண்டு நிமிர்ந்தால் என் சூப்பைக் காணோம். சரி என்று அடுத்ததாக மீன் வந்தது. ஒரு துண்டு வெட்டினேன், மிளகு தூணுக்குப் பின்னால். கத்தியையும் முள்கரண்டியையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துவிட்டுப் போய்த் தூக்கி வந்தால் மீனையும் காணோம். கடைசியாக வந்த புட்டிங்கும் அப்படியே. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இவ்வளவு பெரிய கப்பலை ஓட்டுறாங்க, ஒரு மனுஷியை முழுசா சாப்பிட விட மாட்டாங்களா?" என்றேன். உங்கள் தம்பி, "சுத்தமான ஆளுங்க" என்றார். ஓட்டுநர்தான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, கத்தியையும் முள்கரண்டியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா முடிச்சாச்சுன்னு அர்த்தம், எடுத்துட்டுப் போயிடுவாங்க. பெருக்கல் குறி மாதிரி வெச்சா இன்னும் சாப்பிடறோம்னு அர்த்தம். நீ மூணு தடவை பச்சைக் கொடி காட்டியிருக்க." அவர் மனைவி, "நாற்பது வருஷம் இவரும் சிக்னலைப் பார்த்துத்தான் சாப்பிட்டாரு, அதான் கரெக்டா தெரியுது" என்றார்.

மறுநாள் ராத்திரி நான் ஒரு முடிவோடு போனேன். பட்டினியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெருக்கல் குறியை எல்லாம் நான் நம்பத் தயாராக இல்லை. கத்தி ஒரு கையில், முள்கரண்டி ஒரு கையில், இரண்டையும் கீழே வைக்கவே இல்லை. மேசை மாமா இரண்டு தடவை பக்கத்தில் வந்து பார்த்துவிட்டுப் பயந்து போய்விட்டார். காளான் சூப் வந்தது. அண்ணி, அதன் ஆவி முகத்தில் பட்டபோதுதான் எனக்கு உறைத்தது, சூடாக ஒரு சாப்பாடு சாப்பிட்டு மூன்றரை வருஷம் ஆகிறது. பாலாடையும் மிளகுத்தூளும், அடியில் வதங்கிய காளான் வாசனையும்... முழுசாகக் குடித்தேன். அடுத்து, காகிதத்தில் பொட்டலம் கட்டி அப்படியே சூளையில் வைத்த மீன். தட்டுக்கு வந்த பிறகு கத்தரியால் கிழிக்கிறார்கள், உள்ளே எலுமிச்சையும் வெண்ணெயும் கலந்து ஓடுகிறது, முள்ளே இல்லை. பக்கத்தில் மசித்த உருளைக்கிழங்கு, நாக்கில் வைத்தால் இருக்கிற இடம் தெரியவில்லை. தட்டை வழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். மிளகு தட்டைப் பார்த்தால் காலி! முதலில் உங்கள் தம்பியைத்தான் சந்தேகப்பட்டேன். "நான் தொடலப்பா" என்றார். மேசைக்கு அடியில் பார்த்தேன், அவள் பையில் கைவிட்டுப் பார்த்தேன், நாற்காலி மெத்தையைக் கூடத் தூக்கிப் பார்த்தேன். ஓட்டுநரின் மனைவி, "அவதாம்மா சாப்பிட்டா, மீனு, கிழங்கு எல்லாம். நான் பார்த்துட்டுத்தானே இருக்கேன்" என்றார். மிளகு வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னும்" என்றாள். இன்னும்! இந்த வார்த்தையை அவள் பொம்மைக்கடையில் தவிர வேறெங்கும் சொன்னதில்லை.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி இதே கதை. எலும்பு சூப், பட்டாணி சூப், சதையில் கத்தி தானாக இறங்குகிற ஆட்டுக்கால், காய்கறியை அடுக்கடுக்காக வைத்துச் சீஸ் உருக்கியது, ஆரஞ்சுத் தோல் வாசனை அடிக்கிற பஞ்சு கேக். நான் ஒரு தட்டு, அவள் ஒரு தட்டு. குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். காலை முட்டைப் பொரியலை உருட்டி எறிந்தால் சுவரில் பட்டுத் திரும்பி வரும். மெஷின் காப்பி, காப்பி என்று எழுதிவைத்திருப்பதால்தான் காப்பி. கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய சின்னச் சின்ன இனிப்புகள் ஏழெட்டு நிறத்தில் இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் எல்லாம் ஒரே கிரீம். ஆனால் அந்த ராத்திரிச் சாப்பாட்டுக்காக எல்லாவற்றையும் மன்னிக்கலாம்.

ரகசியம் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் விடுவேனா? சமையலறையைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்றதும் முதல் ஆளாய்ப் போனேன். அண்டா அண்டாவாக சூப், ஆள் உயரச் சூளைகள், தரை மட்டும் நம் வீட்டுத் தட்டைவிடச் சுத்தம். தலைமைச் சமையல்காரரை மடக்கி, "அந்த உருளைக்கிழங்குல என்ன போடறீங்க?" என்றேன். "வெண்ணெய், பால், உப்பு." "நானும் அதான் போடறேன். வேற?" "வேற ஒண்ணும் இல்லைம்மா." "எங்க வீட்ல துப்பறா, இங்க தின்றாளே?" அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடல் காத்தா இருக்கும்" என்றார். மறைக்கிறார் அண்ணி, எனக்குத் தெரியாதா? இறங்குவதற்குள் கறந்துவிடுவேன். அது கிடைத்துவிட்டால் வீட்டிலேயே அவளை உருட்டிவிடலாம்.

ஆகவே அண்ணி, நீங்கள் அன்பாகச் சொன்னதை மறக்க மாட்டேன், ஆனால் மிளகை அனுப்புவதற்கில்லை. சாப்பாடுதான் பிரச்சினை, அது தீர்ந்துவிட்டது. இன்னொன்றும் சொல்கிறேன், இதை உங்கள் தம்பியிடம் சொல்ல வேண்டாம். மூன்று மாதம் அவள் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன். குளியலறையில் போய் அழுதுவிட்டு வந்துதான் பேனாவை எடுத்தேன். அவளுக்காக நீங்கள் வாங்கிவைத்த சின்னக் கட்டிலைத் தடியன்கள் யாராவது உடைப்பதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அண்ணாவுக்கு என் வணக்கம். தடியன்களுக்கு அத்தையின் முத்தம், கன்னத்தைத் துடைத்துக்கொண்டாலும் சரி. பெரியவரான நீங்கள் எங்கள் மூவரையும் மனசார வாழ்த்த வேண்டும்.

என்றும் மாறாத மரியாதையுடன்,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: மேலே கையெழுத்துப் போட்டு மடிக்கப் போகும்போது மிளகு எழுந்து உட்கார்ந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். பிறந்ததிலிருந்து சொல்லாத சொல். அறையில் இருக்கிற போனை எடுத்துச் சமையலறைக்குச் சொன்னேன், கொஞ்ச நேரத்தில் மூடி போட்ட தட்டில் சுட்ட ரொட்டியும் ஆப்பிள் துண்டுகளும் வந்தன. மீனும் இல்லை, சூப்பும் இல்லை, வெறும் ரொட்டி. ஆசை ஆசையாக அவள் முன்னால் உட்கார்ந்து கன்னத்தில் கைவைத்துப் பார்த்தேன். வாய் பூட்டிக்கொண்டது. "சாப்பிடுடா கண்ணு" என்றேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். மனசு விட்டுப்போய், சரி, பி.கு. ஒன்று எழுதலாம் என்று இந்தப் பக்கம் திரும்பித் தாளை எடுத்தேன். முதுகுக்குப் பின்னால் கறுக் கறுக் என்று ஆப்பிள் கடிக்கிற சத்தம். சட்டென்று திரும்பினேன், சத்தம் நின்றது. "அம்மா, பார்க்காத. நீ எழுது" என்றாள். எழுதினேன். கறுக் கறுக்.

சமையல்காரர் எதையும் மறைக்கவில்லை அண்ணி. அவள் சாப்பிட்ட ஒவ்வொரு ராத்திரியும் நான் என் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே மேலே எழுதியதில் மிளகை அனுப்ப மாட்டேன் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள். நீங்கள் துறைமுகத்துக்கு அவசியம் வர வேண்டும். வந்து என்னை அழைத்துப் போங்கள். ஒரு வாரம் போதும், உங்கள் சமையலைச் சூடாக உட்கார்ந்து சாப்பிட்டு, அடுத்தவர் தட்டைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறேன். அப்பனும் மகளும் வீட்டுக்குப் போகட்டும். உங்கள் தம்பிக்கு இன்னும் விஷயம் தெரியாது, நீங்கள் சொன்னால் கேட்பார். இதைத் திரும்பிப் பார்க்காமலேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன், சத்தம் இப்போது ரொட்டிக்கு வந்துவிட்டது. தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.