அண்டரண்டப்பட்சியின் பாடு

"இது இன்னா துன்னும்?" என்று கேட்டார் பொன்னுரங்கம்.

பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊரான கோட்டைக்குப்பத்தின் தலைவர் அவர். கேள்வி கேட்டால் பதில் வராமல் நகரமாட்டார். வலைக் கொட்டகையில் சாய்த்து வைத்திருந்த படத்தில் சிறகை விரித்து நின்றது அண்டரண்டப்பட்சி.

"மீன்தான்" என்றான் உலகநாதன், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே.

"எந்தத் தண்ணி மீனு?"

"இந்த ஏரி மீன்னே வெச்சுக்குங்களேன்."

வாய் சும்மா இருந்திருந்தால் வம்பு வந்திருக்காது.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம் அது. உலகநாதன் மெட்ராஸில் ஒரு கார்ட்டூன் படக் கம்பெனியில் அடுத்தவன் வரைந்த படத்துக்கு வானம் தீட்டிக்கொண்டிருந்தவன். காலைக்கு இளநீலம், மாலைக்கு ஆரஞ்சு. அவ்வளவுதான் அவன் கலைவாழ்க்கை. யானையையே தூக்கிப் போகும் புராணப் பறவை ஒன்று வேண்டும் என்று முதலாளி வீரராகவன் கேட்டபோது, நான் வரைகிறேன் என்று குதித்தான்.

"பழவேற்காடு போய் நிஜப் பறவைங்களைப் பார்த்துட்டு வரைஞ்சுகிட்டு வாய்யா. வெள்ளிக்கிழமை எனக்குப் பிடிச்சா நீதான் தலைமை ஓவியன். பிடிக்கலேன்னா மறுபடியும் வானம்தான்."

உலகநாதன் அன்றைக்கே பிரஷ்ஷும் பெயிண்டுமாகக் கோட்டைக்குப்பத்துக்குப் பஸ் ஏறினான்.

ஏரி மீன் என்று அவன் சொன்ன அன்று சாயங்காலமே ஊர்க்கூட்டம் கூடிவிட்டது. அந்த ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. உள்ளூர்க்காரர்களில் யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பேர்.

"பாடு இல்லாம என் கூடப்பொறந்தவனே வலை போட முடியாது. இத்தாம்பெரிய பட்சி எப்டி வாய் வெக்கும்?" என்றார் பொன்னுரங்கம்.

"தலைவரே, இது வெறும் படம்!"

"படத்துல துன்னாலும் துன்னது துன்னதுதான். கோட்டைக்குப்பத்துல முறையே இல்லேன்னு நாலு ஊர்க்காரன் சிரிக்கமாட்டான்?"

மறுநாள் உலகநாதன் அலகைக் குறுக்கி, அதில் நெற்கதிரைச் சொருகினான். விட்டது தொல்லை என்று பீடி பற்றவைத்தபோது, கருவாடு வாங்க வந்த காட்டூர் விவசாயி பச்சைமுத்து படத்தைப் பார்த்துவிட்டார்.

"யார் வயக் கதிரு இது?"

"யார் வயலும் இல்லீங்க."

"ஏரிக்கு அந்தாண்ட வயலுன்னா எங்க வயலுதான். எறங்கட்டும். ஊட்ல மசாலா அரைச்சு ரெடியா வெச்சிருப்போம்."

கதிரும் போயிற்று. இனி இது எதையும் தின்னாது, காற்றைக் குடித்தே வாழும் என்று அறிவித்தான். காற்றைக் குடிக்கிற பறவைக்குத் தொப்பை எதற்கு? வயிற்றை ஒட்ட வரைந்தான். மீனவன் குப்பன் வீட்டில்தான் அவனுக்குச் சாப்பாடு. குப்பனின் மனைவி திரௌபதி படத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வாயில்லா ஜீவனை இப்டிப் பட்னி போடறியே, நீ நல்லா இருப்பியா?" என்றவள், அன்றைக்கு அவனுக்கும் சோறு போடவில்லை.

வியாழக்கிழமை பட்டினி வயிற்றோடு பட்டினிப் பறவைக்கு எதிரே உட்கார்ந்திருந்தான் உலகநாதன். யானையைத் தூக்க வேண்டிய பறவை, எலியைப் பார்த்தாலே மயங்கி விழும்போல இருந்தது. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பொன்னுரங்கம் வந்து தோளில் கை வைத்தார். "அழுவாதே தம்பி. பட்சிக்கு ஒரு பாடு குடுத்துடலாம்."

"நிஜமாவா தலைவரே?"

"ஆனா முறைன்னு ஒண்ணு கீதே. கண்ணாலம் ஆன ஆம்பளைக்குத்தான் பாடு. இது ஆணா?"

"ஆண்தான், ஆண்தான்!"

"ஒண்டிக்கட்டையா?"

உலகநாதன் அவசர அவசரமாகப் பக்கத்தில் ஒரு பெட்டையை வரைந்தான். கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் தாலி. சாப்பாடு போடாமல் என்ன கல்யாணம் என்று ஊர் முறைத்துக்கொண்டது. எல்லோருக்கும் சேமியா பாயசம் ஊற்றினான். திரௌபதி படத்துக்கு ஆரத்தி எடுத்தாள். சீட்டுக் குலுக்கியதில் முகத்துவாரத்துப் பக்கம், இறால் கொட்டுகிற இடமே பறவைக்கு விழுந்தது. ஆண் பறவைக்குத் தொப்பை திரும்பி வந்தது. கூழைக்கடா மாதிரி தாடைக்குக் கீழே ஒரு பையும் சேர்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை மெட்ராஸில் வீரராகவன் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தாலி கட்டின பறவையா!" என்று துள்ளி எழுந்தார். "தாய்மார் கூட்டம் தியேட்டர் கதவை உடைச்சிடும்யா! நீதான் தலைமை ஓவியன்!"

சில மாதம் கழித்து, கூடை நிறைய இறாலோடு குப்பன் கம்பெனிக்கு வந்தான். உலகநாதன் அவனைக் கையைப் பிடித்து முதலாளியிடம் இழுத்துப் போனான்.

"இல்லாத பறவைக்குத் தங்களோட மீன்ல பங்கு கொடுத்த ஊர் சார்! இந்த மனசு யாருக்கு வரும்?" என்று கூடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

குப்பன் கூடையை இறக்கி வைத்துத் தலையைச் சொறிந்தான்.

"பட்சியோட பாடு வர்ற நாள்ல தலைவரோட வெளியூர் மச்சான்தான் சாரே வலை போடறாரு, இன்னும் ரெண்டு மச்சான் சும்மா குந்திக்கினு கீறாங்களாம், அதுக்கு ரெண்டு ஆம்பளைக் குஞ்சு வரைஞ்சு சட்டுனு கண்ணாலம் கட்டி வெச்சுடுவியாம்."