ஒரே விசிலில் திரும்பிய பந்தயம்

உலகத்தின் தலைசிறந்த சைக்கிள் வீரர்கள் நூற்றுச் சொச்சம் பேரை, ஒரே ஒரு விசிலில், மெயின் ரோட்டிலிருந்து தன் வீட்டு வாசலுக்குத் திருப்பிவிட்டதாக ரிட்டயர்டு கண்டக்டர் சொன்னதும் சலூன்காரரின் கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. மின்விசிறிகூட ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் சுற்றியது.

"ஒரே விசிலா?"

"ரெண்டு அடிச்சிருந்தா வீட்டுக்குள்ளயே வந்திருப்பாங்க. போனாப் போகுதுன்னு விட்டேன்."

பக்கத்து நாற்காலியில், முகம் முழுக்க சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த மச்சான் நுரை தெறிக்கச் சிரித்தார். அவர் கண்டக்டர் மனைவியின் தம்பி. நகராட்சியில் ரோடு சூப்பர்வைசர். பந்தயத்தன்று பச்சை ஜாக்கெட் மாட்டி, கொடியும் கையுமாக, ஆஸ்பத்திரி முனையில் வீரர்களுக்கு வழிகாட்ட நின்றவர்.

"அத்தான், அவங்க என்ன உங்க டவுன் பஸ்ஸா, விசிலுக்குக் கட்டுப்பட? முனையில நின்னவன் நான். எனக்குத் தெரியாம ஒரு சைக்கிள் திரும்பியிருக்குமா?"

"நீ எங்கயாவது பராக்கு பாத்துட்டு நின்னிருப்பே, மாப்ளே."

பச்சை ஜாக்கெட் போட்டவர் சொன்னால் அது சட்டம். சலூன் மொத்தமும் மச்சான் பக்கம் சாய்ந்தது. கண்டக்டருக்கோ சாட்சி இல்லை. அன்று தெருவே காலியாகி, மெயின் ரோட்டில் நூலகத்துக்கு எதிரே குவிந்து கிடந்தது. டிவியில் சரியாக அந்த நேரம் பார்த்து சோப்பு விளம்பரம். மனைவியைக் கேட்டால், "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பாள். கல்யாணமான நாளிலிருந்து எதைக் கேட்டாலும் அவள் அதையே சொல்லி வருவதால், அது சாட்சிக் கணக்கில் சேரவில்லை.

நடந்தது இதுதான்.

கண்டக்டரின் மனைவிக்கு சைக்கிள் பந்தயம் என்றால் உயிர். டிவியில் பந்தயம் ஓடினால் அடுப்பில் பால் பொங்கினாலும் எழுந்திருக்க மாட்டாள். "இப்பவே அவசரப்படாதேடா, மேடு முடியட்டும்!" என்று எங்கோ கண்காணாத தேசத்தில் மிதிப்பவனுக்கு இங்கிருந்து புத்தி சொல்வாள். அவனும் கேட்டு நடப்பான் என்று கண்டக்டர் சத்தியம் செய்வார். அப்பேர்ப்பட்ட பந்தயம் சொந்த ஊர் வழியாகவே வருகிறது. அவளோ பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருக்கிறாள்.

அவர்கள் தெரு ஆஸ்பத்திரி முனையில் மெயின் ரோட்டை விட்டுப் பிரிந்து, வளைந்து, நூலகத்துக்குப் பக்கத்தில் மறுபடி மெயின் ரோட்டில் சேரும். பந்தயம் மெயின் ரோட்டில். வீடு பின்தெருவில்.

"டிவியிலயே பாத்துக்கறேங்க," என்றாள்.

"ஊரு தேடி வந்ததை டிவியில பாக்கறதா? உன் கண்ணு முன்னால காட்டலேன்னா நான் கண்டக்டரே இல்ல!"

காலையிலேயே ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலி இரவல் வாங்கி வந்தார். அவளை உட்கார வைத்து வாசலுக்குத் தள்ளினார். நாற்காலி அகலம், வாசல் ஒடுக்கம்.

"கொஞ்சம் இடிக்குதுங்க."

"கதவுதான் இடிக்குது. கழட்டினா சரியாயிடும்."

கதவைக் கழற்றித் தெருவில் சாய்த்தார். மறுபடி தள்ளினார். நாற்காலி பாதி தூரம் போய் நிலைப்படிக்குள் ஆப்பு அடித்தாற்போல் இறுகிக்கொண்டது. மனைவியின் முகம் தெருவில், முதுகு வீட்டில்.

"உள்ளே இழுங்க."

"ஏறின பாசஞ்சரை எறக்கிப் பழக்கமில்ல எனக்கு!"

சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். நாற்காலி அசையவில்லை, எண்ணெயில் கால் வைத்த கண்டக்டர்தான் சமையலறை வரை வழுக்கிக்கொண்டு போனார். பின்வாசல் வழியாக ஓடி, எதிர்வீட்டு டாக்சிக்காரர் ஷெட்டிலிருந்து ஜாக்கி எடுத்து வந்தார். பஸ்ஸையே தூக்குகிற ஜாதி, நாற்காலி எம்மாத்திரம் என்று அடியில் கொடுத்துத் திருகினார். நாற்காலி உயர்ந்தது. மேலும் உயர்ந்தது. பிறகு ஜாக்கியும் சிக்கிக்கொண்டது. இப்போது மனைவி, மேடையில் அமர்ந்த தலைமை விருந்தினர் மாதிரி, வாசல் நடுவே அந்தரத்தில் வீற்றிருந்தாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

"காத்து நல்லா வருது."

கைகொடுக்க ஆள் தேடித் தெருவின் இரு கோடிக்கும் ஓடினார். ஒரு நாய்கூட இல்லை. அதுவும் பந்தயம் பார்க்கப் போயிருந்தது. திரும்பி வந்தபோது அவள் போனை மடியில் வைத்தாள்.

"யாருக்கு?"

"தம்பிக்குத்தான். காலையிலேர்ந்து நிக்கறானே, ஏதாவது சாப்பிட்டானான்னு கேட்டேன்."

தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது. கண்டக்டர் சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கடப்பாரை தெரிந்தது.

"ஏங்க, சுவத்தை விட்டுடுங்க. முனையில போய் நின்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்க சொன்னா நேர்ல பாத்த மாதிரி."

அந்த வார்த்தைதான் அவரைக் குத்தியது. கொடுத்த வாக்கு வாசலில் தொங்குகிறது, இவர் மட்டும் போய்ப் பார்ப்பதா? சட்டைப் பைக்குள் கையை விட்டார். ரிட்டயர் ஆன பிறகும் விட்டுப் பிரியாத விசில் அங்கே இருந்தது.

முனைக்கு அவர் போய்ச் சேரவும், ரோட்டின் அந்தக் கோடியில் பந்தயம் தெரியவும் சரியாக இருந்தது. வண்ண வண்ணமாக, ரோட்டையே சுருட்டி எடுத்துக்கொண்டு வருவதுபோல் வந்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். முழு மூச்சில் ஊதும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வது அவர் வழக்கம். ஊதினார். கண்டக்டர் வேலையில் சேர்ந்த நாள் முதல் அடக்கி வைத்திருந்த மூச்செல்லாம் அதில் போயிற்று.

கண்ணைத் திறந்தபோது பந்தயம் அவர் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது!

முன்னால் போன போலீஸ் மோட்டார் சைக்கிள் மட்டும் மெயின் ரோட்டில் நேராகப் போய், பின்னால் யாருமில்லை என்று பிறகுதான் திரும்பிப் பார்த்ததாம். வீரர்களோ கழற்றிய கதவைத் தாண்டி, காயப்போட்ட போர்வைக்குக் கீழே குனிந்து, வாசலை உரசிக்கொண்டு போனார்கள். கண்டக்டர் பின்னாலேயே ஓடினார். ஜாக்கி மேல் வீற்றிருந்தவள் இரண்டு கைகளையும் வீசி, சட்டை நிறத்தை வைத்தே ஒவ்வொருவனையும் அடையாளம் கண்டு, "கழுத்தை நிமிர்த்தாதே! அடுத்த வளைவுல முந்துடா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர். ஒருவன் சிரித்துக்கொண்டே தண்ணீர் பாட்டிலை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனான். நூலகத்துப் பக்கம் அவர்கள் மறுபடி மெயின் ரோட்டில் சேர்ந்தபோது, அங்கே கூடியிருந்தவர்களுக்கு எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

"பாட்டில் எந்தக் கடையிலயும் கிடைக்கும், அத்தான்," என்றார் சலூனில் மச்சான்.

சிரிப்பு வெடித்தது. கண்டக்டர் எழுந்தார். எல்லோர் முகத்தையும், டிக்கெட் வாங்காதவனைத் தேடுவதுபோல், ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை அதே ரோட்டுல பெண்கள் பந்தயம் வருதில்ல? எல்லாரும் ஆஸ்பத்திரி முனைக்கு வாங்க. அதே எடத்துல நின்னு அதே விசிலை அடிக்கறேன். திரும்பலேன்னா இதை உங்க முன்னாலயே சாக்கடையில போடறேன்."

"ஞாயித்துக்கிழமையும் அங்க நான்தான் டூட்டி!" மச்சானின் நுரை முகம் இன்னும் வெளுத்தது.

"அப்ப நல்லதாப் போச்சு. கிட்டயே நின்னு பாரு."

"வேண்டாம் அத்தான். நீங்க ஊதி, அவங்க மிரண்டு யாராவது விழுந்து வெச்சா, விசாரணைன்னு வரும்."

"வரட்டுமே! விசில்தான் திருப்புச்சுன்னு அங்கயே நிரூபிக்கறேன்." கண்டக்டர் விசிலைத் துடைத்து ஒத்திகைக்கு வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

மச்சான் பாதி சவரத்தோடு நாற்காலியிலிருந்து குதித்து, விசிலைப் பிடுங்கிக்கொண்டார்.

"நடந்தது உண்மைதான், அத்தான்! ஆனா விசிலுக்கு ஒருத்தனும் திரும்பல. 'உங்க அத்தான் கதவைக் கழட்டிட்டாரு, அடுத்தது சுவத்தையும் இடிச்சுடுவாரு, பந்தயத்தை இந்தப் பக்கம் திருப்பி விடுடா'ன்னு அக்கா போன் பண்ணினா. நான் கொடியைத் திருப்பிட்டேன்."