ஐந்து மணியை அழித்த கதை

படித்தவனுக்கு வரும் வியாதிகளிலேயே மோசமானது, தனக்குப் புரியாததெல்லாம் பிழை என்று நினைப்பது. எனக்கு அது முற்றியிருந்த காலம் ஒன்று உண்டு.

கொழும்பில் ஓர் ஆய்வுக் குழுவில் முதல் வேலை. காற்றிலுள்ள தூசியை அளக்கும் கருவிகள் அனுப்புகிற எண்களைச் சோதித்து, நம்பமுடியாதவற்றை நீக்குவது என் பொறுப்பு. அக்கரப்பத்தனைப் பக்கம் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்திலேயே ஒரு கருவி இருந்தது. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராவின் சுவரில் மாட்டியிருந்தார்கள். அநேகமாகத் தினமும் விடியற்காலை ஐந்து மணி வாக்கில் அதன் எண்கள் தாறுமாறாக எகிறின. சராசரியை விட்டு இவ்வளவு தள்ளி நின்றால் பழுதுதான். புள்ளிவிவரப் பாடத்தில் நான் முதல் மாணவன் (கேட்காதவர்களிடமும் சொல்வேன்). மூன்று மாதத்து ஐந்து மணிகளை ஒரே அமுக்கில் அழித்துவிட்டு, 'இங்கே காற்று சுத்தம்' என்று அறிக்கை எழுதினேன். தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களுக்குப் புகைபோக்கி தேவையா என்பதை அதை வைத்துத்தான் முடிவுசெய்ய இருந்தார்கள்.

'பழுதான' கருவியை மாற்ற டெக்னீஷியன் நிமலோடு போய், லயத்தில் அக்கா வீட்டில் தங்கினேன். விடியுமுன் பழையதன் பக்கத்திலேயே புதியதையும் மாட்டினோம். ஐந்து மணிக்கு இரண்டும் சேர்ந்தே எகிறின.

"புதுசும் பழுது!" என்றேன்.

நிமல் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மல்லி, ரெண்டும் ஒரே பொய்யா சொல்லும்?" (சிங்களத்தில் எல்லாத் தம்பிகளும் அவருக்கு மல்லிதான்.)

சத்தம் கேட்டு அக்கா ஊதுகுழலோடு வந்தாள். கண்ணெல்லாம் சிவப்பு.

"அஞ்சு மணிக்கு இங்க என்னமோ நடக்குதுக்கா."

"என்னடா நடக்கும்? அடுப்பு பத்தவைப்போம். பெரட்டுல போய் அன்னைக்கு வேலைக்குப் பேர் குடுக்கிறதுக்கு முந்தி ரொட்டி சுட வேணாமா? தின்னு வளந்ததெல்லாம் மறந்துபோச்சா?"

நிமல் சிரித்த சிரிப்பில் இரண்டு கருவிகளும் உண்மையிலேயே பழுதாகியிருக்க வேண்டும்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கூரையிடுக்கிலிருந்தும் கசிந்த புகை, குளிரில் மேலே போக முடியாமல், பள்ளத்தாக்கு முழுக்கப் படுத்திருந்தது. பதினெட்டு வருடம் அதற்குள் போர்த்திக்கொண்டு தூங்கியவன் நான். எழுந்து வெளியே நின்று பார்த்ததேயில்லை.

அழித்ததையெல்லாம் மீட்டு, கோட்டுப்படமாக அக்காவுக்குக் காட்டினேன். ஞாயிறுகளில் எகிறல் ஒரு மணி நேரம் பிந்தி வந்தது. "அன்னிக்குத்தானே கொஞ்சம் தூங்குவோம்" என்றாள். ஒரே ஒரு காலையில் மட்டும் கோடு அசையவே இல்லை. அவள் விரல் அங்கே நின்றது.

"இது ராசம்மா அக்கா செத்த அன்னிக்கு. எடுக்கிற வரைக்கும் லயத்துல யாருமே அடுப்பு பத்தவைக்கல."

யாரும் எழுதிவைக்காத ஒரு துக்கத்தை அந்தச் சின்னப் பெட்டி எழுதிவைத்திருந்தது.

முடிவெடுக்கும் கூட்டத்தில் எழுந்து நின்று, என் அறிக்கை தப்பு என்று நானே சொன்னேன். புகைபோக்கிகள் வந்தன. அக்காவின் மகள்கள் மட்டும் விடுவதாயில்லை. கறியில் உப்புக் கூடிப்போனால் இன்றைக்கும் சட்டியை என் பக்கம் நகர்த்துவார்கள்:

"மாமா, இதையும் அழிச்சிருங்க!"