பதினேழாம் மாதிரியின் நீக்கம்

ஐந்தரைக்கு எழுகிறேன். பால் காய்ச்சுகிறேன். குளிக்கிறேன். டோம்பிவிலியில் மும்பை ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் தொங்குகிறேன். குர்லாவில் மாறி, செம்பூரில் இறங்கி, மனிதகுலத்தின் நாளையைக் காப்பாற்றுகிறேன்.

மிகையல்ல. மின்னணுச் சில்லுக்குள் இருக்கும் செம்புக் கம்பி, தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மின்சாரம் ஓட ஓடச் செம்பின் அணுக்கள் நகர்ந்து, ஒருநாள் கம்பி அறுந்துவிடும். எத்தனை ஆண்டில் என்பதை எங்கள் ஆய்வுக்கூடம் பத்தே நாளில் சொல்லிவிடும். நாற்பது மாதிரிகளை முந்நூறு டிகிரி உலையில் வைப்போம். சீக்கிரம் அறுந்ததை 'விதிவிலக்கு' என்று எடுத்துவிட்டு, மற்றவற்றுக்குச் சராசரி போடுவோம். எங்கள் வரலாற்றில் ஒரு கம்பிகூடப் பத்தாண்டுக்குள் அறுந்ததில்லை.

சென்ற வாரம் பதினேழாம் மாதிரி இரண்டாம் நாளே அறுந்தது. அவசரக் கூட்டம் கூடியது. சமோசாவும் வந்தது.

"நீக்கல் படிவத்துல கையெழுத்துப் போடு நகுல்," என்றார் இயக்குநர் சுந்தரராமன். "பேஸ்மேக்கருக்குப் போற சில்லு. நாளைக்கே அனுப்பியாகணும்."

"ஏன் அறுந்ததுன்னு பார்த்துடலாமே சார்?"

"பார்த்தா காரணம் தெரிஞ்சுடும். அப்புறம் விதிவிலக்குன்னு எப்படிச் சொல்றது?"

"நாப்பதுல ஒண்ணுதானே! சல்தா ஹை யார், பரவால்ல," என்றாள் தரக்கட்டுப்பாட்டு வந்தனா, சட்னியைத் தேடியபடி.

மாதிரிகள் தொடக்கத்திலிருந்தே முப்பத்தொன்பதுதான் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. என் கையெழுத்து மட்டும் பாக்கி.

சுந்தரராமன் என் தோளைத் தொட்டார். "உன் ஆத்துக்காரியையே எடுத்துக்கோ. முப்பத்தொரு வயசுல ஹார்ட் அட்டாக். விதிவிலக்குதானேப்பா? மனசைத் தேத்திக்கோ."

இவ்வளவு துல்லியமாக எனக்கு யாரும் ஆறுதல் சொன்னதில்லை. நன்றி சொன்னேன்.

உண்மையில் இந்தக் கண்டுபிடிப்பு என்னுடையது. மார்ச்சில் ஒரு காலை, இடது தோள் வலிக்கிறது, டாக்டரிடம் போகலாமா என்று என் மனைவி ஸ்ரீலேகா கேட்டாள். உன் வயதில் ஹார்ட் அட்டாக் லட்சத்தில் ஒருத்திக்குத்தான் என்று, ஷூவை மாட்டிக்கொண்டே விளக்கினேன். அன்று உலையைத் திறக்கும் நாள். மதியத்துக்குள் அவள் போய்விட்டாள்.

படிவத்தில் 'நீக்கக் காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'புள்ளியியல்' என்று எழுதுவது மரபு. ஸ்ரீலேகா அன்று வாசலில் நின்று கடைசியாகச் சொன்னதை நான் எழுதினேன். கையெழுத்துக்கான இடத்தைக் காலியாக விட்டு, படிவத்தை இயக்குநர் பக்கம் தள்ளினேன்.

"அப்போ அந்த ஒருத்தி நான் இல்லேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போ, நகுல்."