தாசேக் கெலுகோரில் ஓர் இஞ்சினை வழியனுப்பிய வைபவம்

அன்பு மருமகள் ரூபினிக்கு,

பினாங்குத் தீவையும் எதிர்க்கரையையும் ஒற்றைக் கேமராவால் ஆண்டுவரும் உன் மாமா பிச்சைமுத்து ஜார்ஜ் டவுனிலிருந்து எழுதுவது. நானும் உன் அத்தையும் நலம். நீ இரவல் கொடுத்த கேமராவும் ஏறக்குறைய நலம். ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் நம் குலம் விளங்க வாழ்க.

சரக்கு ரயில் இழுக்கும் கிழட்டு டீசல் இஞ்சின்களை ஓய்வுக்கு அனுப்புவதற்குள் படம் பிடித்துத் தருகிறேன் என்று உன்னிடம் சத்தியம் செய்தேன் அல்லவா? நான் அனுப்பியதெல்லாம் கடைசிப் பெட்டியின் முதுகு என்று நீ சிரித்தாய். காரணம் கேள். இஞ்சினைக் கண்டாலே என் வலது கை தானாக எழுந்து ஓட்டுநருக்கு டாட்டா காட்டிவிடுகிறது. கை இறங்குவதற்குள் ரயில் தாய்லாந்து போய்விடுகிறது. போன ஞாயிறுதான் அவற்றில் ஒரு நீல இஞ்சினுக்குக் கடைசி ஓட்டம் என்று என் கோப்பிக்கடைச் சகா பக்கிரிசாமி அடித்துச் சொன்னான். விட்டால் இனிப் பழைய இரும்புக் கடையில்தான் பார்க்க வேண்டும். கிளம்பினேன். உன் அத்தை சும்மா விடுவாளா? "இத்தன வருசம் ஒழைச்சிட்டுப் போவுது, வெறுங்கையோடயா அனுப்புறது?" என்று சாக்கு சாக்காகத் தேங்காயைக் காரில் ஏற்றினாள். காரின் மூக்கு வானத்தைப் பார்க்க, பாலத்தைக் கடந்து தாசேக் கெலுகோர் ஸ்டேஷன் வேலியோரம் போய்ச் சேர்ந்தோம். சாலையோரம் அவள் தேங்காயைக் குவித்துக் கற்பூரம் ஏற்றியதுதான் தாமதம். தேங்காய்க் குவியலைக் கண்டால் நம் ஊர்க்காரனுக்குத் தைப்பூசத் தேருக்கு முன்னால் சிதறுகாய் உடைப்பது நினைவுக்கு வந்து கை அரிக்குமே! மோட்டார் நின்றது, லோரி நின்றது, ஒரு கல்யாண வேனே நின்றது. எதிரே நாசி லெமாக் சோறு விற்கும் மஹ்பூபா கரண்டியோடு ஓடி வந்தார்.

"அண்ணே, தேரு இந்தப் பக்கமா வருது?"

"தேரு இல்லம்மா, சிமெண்டு ரயிலு."

"எதுவா இருந்தா என்னா லா! ஸ்டூலு தர்றேன், ஏறி நின்னு புடிங்க!"

ஏறினேன். வந்தது பார், நீல மலை! பூமி அதிர்ந்தது, என் பல்செட் தாளம் போட்டது, லட்சம் தேங்காய் ஒரே நேரத்தில் சிதறின. என் கை? எழுந்துவிட்டது மருமகளே. டாட்டா காட்டிக்கொண்டே நின்றேன். இஞ்சின் தாண்டிப் போயிற்று. போச்சு, எல்லாம் போச்சு என்று கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் மின்சார ரயிலுக்கு வழிவிடச் சிவப்பு விளக்கு விழுந்தது. இஞ்சின் கொஞ்சம் தள்ளிப் போய்ப் பெருமூச்சோடு நின்றது.

"அண்ணே, கையக் கீழ போட்டுட்டு ஓடுங்க!" என்று மஹ்பூபா அதட்டினார். 'கடைசி ஓட்டமாச்சே, கொஞ்சம் நில்லுங்க!' என்று கூவியபடி ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். எடுத்தேன். முழு இஞ்சின்! துரு, கரி, சிராய்ப்பு, ஜன்னலில் தலை நீட்டிக் கத்திய ஓட்டுநர், ஒன்று விடாமல். படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கீழே 'இறுதிப் பயணம்' என்று தங்க எழுத்தில் பொறித்து உன் வீட்டு முன்னறையில் மாட்டு.

எல்லாத் தெய்வங்களும் உன் வீட்டில் ஆளுக்கு ஓர் அறை எடுத்துத் தங்கி உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாமா பிச்சைமுத்து

பி.கு.: அந்த ஓட்டுநர் கத்தியது தேங்காய்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. என் பின்னாலேயே ஓடி வந்த மஹ்பூபாவுக்குக் கேட்டிருக்கிறது; இப்போதுதான் போனில் சொன்னார். "அங்கிள், கடைசி ஓட்டம்னு யாரு சொன்னது? நேத்துதான் பட்டறையில ரிப்பேர் பண்ணி வந்திருக்கு, இன்னும் ரொம்ப நாளு ஓடும்!" என்றாராம். தங்க எழுத்தை நிறுத்து. பக்கிரிசாமியை நான் கவனித்துக்கொள்கிறேன். வரும் ஞாயிறு நீயே வா; ஓடும்போதே எடுத்துக் காட்டுகிறேன்.