உப்பு விளக்கு எரிந்த ஞாயிற்றுக்கிழமை

என் நைனாவுக்கு அன்று மூக்கு வேலை செய்ததா, இல்லையா?

ஒன்றரை வருடமாக இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. பாப்பாவுக்கு எந்த மாதம் எந்தப் பல் முளைத்தது, காய்ச்சல் எத்தனை டிகிரி தாண்டினால் டாக்டரிடம் ஓட வேண்டும் என்பதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருப்பவள் நான். பெற்ற அப்பாவின் மூக்கைப் பற்றி மட்டும் அந்த நோட்டில் ஒரு வரிகூட உறுதியாக எழுத முடியவில்லை.

நான் திருப்பாலைவனத்துப் பெண். எங்கள் வீட்டில் நெல். வாழ வந்தது பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் கடலோரக் குப்பம் ஒன்றில், மீன் வீட்டில். பொன்னேரிக்குக் கல்லூரி போன பஸ்ஸில் பழக்கமாகி நானே தேடிக்கொண்ட கல்யாணம். நைனா கத்தவில்லை, கை ஓங்கவில்லை. கல்யாணத்துக்கு வந்து ஓரமாக நின்றார், அட்சதை போட்டார், போய்விட்டார். அங்கிருந்து இங்கே வர பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. நைனாவுக்கு வீட்டுக்குள் வர இரண்டு வருடம் ஆயிற்று.

பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆனபோது ஒருமுறை வந்தார். வாசற்படியிலேயே நின்று குழந்தையைக் கொஞ்சினார். தண்ணீர் கொடுத்தேன். "இருக்கட்டும்மா, கொண்டாந்துக்கீறேன்" என்று பையிலிருந்து தன் பாட்டிலை எடுத்துக் குடித்தார். சாப்பிடச் சொன்னேன். "இப்பதான் சாப்ட்டுட்டு வந்தேன்" என்றார். அப்போது காலை பதினொன்றேகால். (எங்கள் வீட்டில் யாரும் அந்த நேரத்தில் சாப்பிட்டதாகச் சரித்திரம் இல்லை.)

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால்தான் உறவு. நனைக்காத வரைக்கும் நீங்கள் வழிப்போக்கர். என் வீட்டுக்காரரும் மாமியாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்கள் பேசாததுதான் எனக்குத் தொண்டையில் முள் மாதிரி நின்றது.

காரணம் மீன் வாசனைதான் என்று நானே முடிவு செய்தேன். என் மாமியார் கருவாடு போட்டு விற்பவர். வீட்டுக்குப் பின்னால் எப்போதும் ஏதாவது காய்ந்துகொண்டிருக்கும். நைனாவோ, கட்டிய நெல் மூட்டையை வெளியிலிருந்து மோந்தே உள்ளே ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மூக்கு எங்கள் வீட்டு டம்ளரில் எப்படித் தண்ணீர் குடிக்கும்? (வேறு காரணங்களும் இருக்கலாம். அவற்றை யோசிக்க எனக்குப் பயம். வாசனை என்றால் கழுவிவிடலாம்.)

ஆகவே கழுவினேன். புளி போட்டு, சாம்பல் போட்டு, எலுமிச்சைத் தோல் போட்டு. கழுவிக் கழுவி என் உள்ளங்கை வெடித்து, டாக்டரம்மா சோப்புத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். சென்னையில் அவர் வேலை பார்க்கும் ஒரு வீட்டில் குடும்பத்தோடு வெளிநாடு போனார்கள். போகும்போது அவர்கள் விட்டுச் சென்ற பாத்திரம் கழுவும் மெஷினை லோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்.

குப்பமே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு அக்கா, "இதுல வலயப் போட்டு எடுக்கலாமா?" என்று கேட்டார். என் மாமியார் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்து, "உள்ள ஆளு யாரும் இல்லியே, எப்டிக் கழுவும்?" என்றார். அவர் கேலி செய்கிறாரா, நிஜமாகக் கேட்கிறாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடுவதில்லை.

மெஷினோடு ஒரு புத்தகம் வந்தது. பரீட்சைக்குப் படிப்பது போல அடிக்கோடு போட்டுப் படித்தேன். தட்டில் இருக்கும் மிச்சத்தை வழித்துப் போட்ட பிறகே அடுக்க வேண்டும். வாரம் ஒருமுறை அடியில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவ வேண்டும். (புத்தகம் எழுதியவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டதில்லை. முதல் வாரமே அந்தச் சல்லடையில் ஒரு கைப்பிடி மீன் செதிலும் நெத்திலித் தலைகளும் இருந்தன. பிறகு தினமும் கழுவினேன்.) மெஷினுக்குள் சுழன்று தண்ணீர் பீய்ச்சும் கையில் உள்ள துளைகளில் செதில் அடைத்துக்கொள்ளும், ஊக்கை வைத்துக் குத்தி எடுப்பேன்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை, அது உப்பு தின்னும். எங்கள் போர் தண்ணீர் உவர்ப்பு. அது பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியாமல் இருக்க, மெஷினின் அடியில் ஒரு குழிக்குள் உப்பைக் கொட்டி மூட வேண்டும்; தீர்ந்தால் முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு எரியும். இதை விளக்கியபோது மாமியார் என்னையே பார்த்தார்.

"உப்புத் தண்ணிக்கு உப்பா? நல்லாக்கீது நாயம். ஏரியத் தூக்கியாந்து உள்ள ஊத்திடு, வேல முடிஞ்சிது."

மெஷின் வந்த இரண்டாவது மாதம், அம்மா போன் செய்தாள். "ஞாயித்துக்கெழம உங்க நைனாவும் வர்றேன்னாருடி. கொயந்த தவழுதாமே, பாக்கணும்னாரு."

நான் மாமியாரிடம் சொன்னேன். சனிக்கிழமையே காய வைத்த கருவாட்டை எல்லாம் வாரிக் கட்டித் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினார். வீட்டை இரண்டு முறை கழுவிவிட்டார். "நாளிக்கு அடுப்புல மீன் ஏறாது. சாம்பாரு, வட, சேமியா பாயசம். போதுமா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. (எனக்கு எதற்கும் வரும்.)

ஞாயிறு காலை எட்டு மணிக்கு, வீட்டில் இருந்த எல்லா டம்ளரையும் கரண்டியையும் கிண்ணத்தையும் மெஷினில் அடுக்கினேன். சாப்பாடு வாழை இலையில்தான், தட்டுப் பிரச்சினை இல்லை. இருப்பதிலேயே அதிகச் சூடு வைத்து, சுவிட்சைப் போட்டேன்.

உப்பு விளக்கு எரிந்தது.

மெஷினோடு வந்த உப்புப் பாக்கெட் தீர்ந்திருந்தது. உப்பு இல்லாமலும் ஓடும், ஒன்றும் ஆகாது என்றார் என் வீட்டுக்காரர். புத்தகமோ உடனே நிரப்பச் சொன்னது. வீட்டுக்காரர் பேச்சா, புத்தகத்தின் பேச்சா என்றால் நான் எப்போதும் புத்தகத்தின் பக்கம். பொடி உப்பு கூடாது, அயோடின் சேர்த்தது கூடாது, கரடுமுரடான வெறும் உப்பு மட்டுமே என்று அதில் நானே இரண்டு கோடு போட்டு வைத்திருந்தேன். சமையலறை டப்பாவில் இருந்தது அயோடின் பொடி உப்பு. அயோடின் இல்லாத கல்லுப்புக்கு ஞாயிறு காலையில் எங்கே போவது?

பின்கட்டில் மாமியாரின் நீல டிரம் இருந்தது. மீனுக்குப் போடும் உப்பு. கடைக்காரர் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவது, அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. புத்தகம் கேட்டதை வரிக்கு வரி நிறைவேற்றும் உப்பு. என் படிப்பை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், நான் அவசரக்காரி இல்லை. ஒரு கிண்ணம் அள்ளி, மூக்குக்கு நேரே பிடித்து மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. ஒரு கிலோவுக்கு மேல் கொட்டினேன். மூடியைத் திருகும்போது பாப்பா அழுதாள், ஓடினேன். அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து மெஷின் கதவைச் சாத்தி மறுபடி ஓடவிட்டேன். கேஸ் மூடினேனா என்று மூன்று தரம் போய்ப் பார்க்கிற நான், அந்த மூடியை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தரைக்குக் கதவைத் திறந்தேன். டம்ளர்களில் லேசாக வெள்ளை படிந்திருந்தது. போர் தண்ணீரின் வழக்கமான வேலை என்று வெளிப்பக்கம் மட்டும் துடைத்தேன். பிறகு மாமியாரிடம் ஒன்று, வீட்டுக்காரரிடம் ஒன்று கொடுத்து மோந்து பார்க்கச் சொன்னேன்.

"ஒண்ணும் இல்லியே," என்றார் வீட்டுக்காரர்.

"கோயில் சொம்பு மாரிக்கீது," என்றார் மாமியார். "போதும் கண்ணு, நீ ஒண்ணொண்ணா மோந்துக்கினே நின்னா பாயசம் ஆறிப்பூடும்."

பதினொரு மணிக்கு வந்தார்கள். நைனா கையில் கைக்குட்டை. "நேத்துலேர்ந்து சளி," என்றாள் அம்மா. வாசற்படியில் ஒரு நொடி நின்றார். பாப்பா உள்ளேயிருந்து தவழ்ந்து வந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். அவர் உள்ளே வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். பையில் பாட்டில் இருந்தது, நான் பார்த்தேன்.

டம்ளர்களில் பாயசத்தை ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன். தட்டை நைனா முன்னால் நீட்டினேன். நைனா பாட்டில் பையைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டார். மாமியார் ஒன்றை எடுத்து எதிரே தரையில் உட்கார்ந்தார்.

என் பின்னாலேயே சமையலறைக்கு வந்த அம்மா, தன் டம்ளரை வாயில் வைத்தவள், அப்படியே என் கையைப் பிடித்தாள்.

"இன்னாடி இது? பாயசத்துல கருவாட்டு வாசன?"

"இல்லம்மா. இன்னிக்கு மீனே இல்ல வீட்ல."

"மோந்து பாரு."

மோந்தேன். சேமியா, ஏலக்காய், நெய். "ஒண்ணும் வரலியே," என்றேன்.

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் இல்லை. பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பார்ப்பாளே, அப்படி. "உனுக்கு எப்டிடி வரும்," என்றாள் மெதுவாக. "நீ இந்த வீட்டுப் பொண்ணு ஆயிட்ட."

குடித்துப் பார்த்தேன். வாசனைதான் தெரியவில்லை, உப்பு தெரிந்தது. மெஷின் கதவைத் திறந்தேன். மெஷின் அடியில் மூடி அரைகுறையாகச் சாய்ந்து கிடந்தது. அந்த டிரம்மில் புது உப்போடு, கருவாட்டிலிருந்து உதறி எடுத்த பழைய உப்பையும் மாமியார் சேர்த்துவைப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொதிக்கக் கொதிக்க நான் டம்ளர்களுக்குக் கருவாட்டுக் குளியல் நடத்தியிருக்கிறேன். அதையும் மூன்று பேர் மோந்து பார்த்துச் சான்று கொடுத்திருக்கிறோம். மூன்றும் ஒரே வீட்டு மூக்கு.

கூடத்துக்கு ஓடினேன். நைனா பாதி குடித்திருந்தார். டம்ளருக்குள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே மாமியாரும் ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணை இமைக்காமல் நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நைனா, வேற டம்ளர்ல தர்றேன்," என்று கை நீட்டினேன்.

நைனா டம்ளரை விடவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து மீதியையும் குடித்தார். அதைப் பார்த்து மாமியாரும் ஒரே மூச்சில் முழுங்கினார். நைனா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். டம்ளரை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா. இதுலயே ஊத்து."

அதன் பிறகு இலை போட்டோம். சாம்பாரில் கை நனைத்தார். இரண்டாம் முறை சோறு கேட்டார். பாட்டில் பையிலேயே இருந்தது. கிளம்பும்போது மாமியாரைப் பார்த்து, "வர்றம்மா, சம்மந்தி" என்றார். இரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை.

பஸ் ஏற்றிவிட்டு வந்ததும் மாமியார் கூடத்தின் நடுவில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தார். நடந்ததை நான் திக்கித் திக்கிச் சொன்னேன்.

"கருவாடு போட்டுக்கீறேன். வித்துக்கீறேன். கொழம்பு வச்சிக்கீறேன்," என்றார். "குடிச்சது இன்னிக்குத்தான்." பிறகு சிரிக்க ஆரம்பித்தவர், பாப்பா பயந்து அழும்வரை நிறுத்தவில்லை.

குழியிலிருந்த உப்பை ஈரத்தோடு அள்ளி எடுத்து, வினிகர் ஊற்றி நாலைந்து தடவை வெறும் மெஷினை ஓட்டினோம். வாசனை போய்விட்டதாக நாங்கள் மூவரும் நினைக்கிறோம். எங்கள் நினைப்புக்கு மதிப்பில்லை என்பதால், மாதம் ஒருமுறை அம்மா வந்து டம்ளர்களை மோந்து பார்த்துச் சொல்கிறாள். இன்றும் எங்கள் வீட்டில் யார் பாயசம் வைத்தாலும் மாமியார் கேட்பார்: "வெளக்கு எரியுதா, பாத்தியா?"

நைனா இப்போது மாதம் ஒருமுறை வருகிறார். பாட்டில் கொண்டுவருவதில்லை. அன்றைக்குப் பஸ்ஸில் அம்மா கேட்டதற்கு "பாயசம் நல்லா இருந்துச்சி" என்று மட்டும் சொன்னாராம். டிரம் உப்புக் கதையை நான் அவரிடம் சொல்லவே இல்லை; சளியில் ஒன்றும் தெரியவில்லையோ என்று சமாதானம் ஆகியிருந்தேன். போன வாரம் அவர் அரிசிப் பையோடு இன்னொரு சின்னப் பையையும் இறக்கி வைத்தார். பிரித்துப் பார்த்தேன். கல்லுப்பு.

"இன்னாத்துக்கு நைனா?"

"மெஷினுக்கு," என்றார். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மீன் காயப்போட்ட பக்கமாக நடந்துவிட்டார்.

அந்தப் பை இன்னும் பிரித்தபடியே சமையலறையில் இருக்கிறது. அதில் அயோடின் இருக்கிறதா என்று எங்கும் எழுதவில்லை. கடையில் வாங்கும் சாதாரணக் கல்லுப்பை மெஷினில் போடலாமா? நைனாவிடம் அன்றைய பாயசத்தைப் பற்றிக் கேட்கலாமா, கேட்காமலே இருந்துவிடலாமா? புத்தகத்தை மூன்று முறை புரட்டிவிட்டேன், இரண்டுக்கும் பக்கம் இல்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள். முதல் கேள்விக்காவது.