ஐஸ் நானா கண்டுபிடித்த பிழைகள்

கற்பிட்டிக் கரையில் ஐஸ் நானா பிழை பிடிக்காத எழுத்து ஒன்றுகூட இருந்ததில்லை. கல்யாணப் பத்திரிகையையும் இருமல் மருந்துப் போத்தலின் லேபலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு சின்ன லொறியில் ஐஸ் கட்டிகளை அடுக்கி, மரத்தூள் போட்டு, சாக்கால் மூடி, மீனவர் கொட்டில்களான வாடிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். சாக்கின்மேல் எப்போதும் ஒரு புத்தகம் கிடக்கும். எங்கள் வாசிகசாலையில் ஊதிப் பெருத்து மூடமுடியாமல் இருக்கும் புத்தகம் எதை எடுத்தாலும், அது ஐஸ் நானா வாசித்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

வாசிகசாலை மேசையில் 'வாசகர் கருத்து' என்று ஒரு கொப்பி நூலில் கட்டித் தொங்கும். அதில் எழுதியவர் அவர் ஒருவர்தான். ஒரு காதல் கதைக்கு, "கதாநாயகன் இவ்வளவு அழுதால் புத்தளத்துக்கு உப்பளம் எதற்கு?" என்று எழுதினார். கொலைக் கதை என்றால் இன்னும் மோசம். புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே கொலைகாரனின் பெயரை எழுதிவிடுவார். அப்படிப் பாழாய்ப்போன ஒரு புத்தகத்தோடு நான் அவரிடம் சண்டைக்குப் போனேன்.

"டீச்சர், சனம் பயந்து பயந்து வாசிக்குது. பாவம்தானே?" என்றார்.

இப்படிப்பட்ட மனிதர் இருக்கிற ஊரில் என் மகள் ஹஸ்னா ஒரு நாவல் எழுதி அச்சடித்தும்விட்டாள். யுத்தம் முடிந்து சில வருடங்களான காலம். பிள்ளைகளைப் பற்றிய பயங்கள் கொஞ்சம் குறைந்துவிட்டன என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன். நாவலில் எங்கள் ஊரைப்போல ஒரு சின்ன ஊர். அங்கே வாடகைக்கு வந்து தங்கும் ஊர்பேர் தெரியாத ஒரு பொடியன். காணாமற்போன ஒரு படகு முதலாளி. அவரைக் கொன்றது அந்தப் பொடியன்தானா என்று தெரியாமலே அவனைக் காதலிக்கும் ஒரு பெண். இரண்டாம் அத்தியாயத்தில் அவள் தனியாகக் கடற்கரைக்குப் போகிறாள். அதற்குமேல் வாசிக்க எனக்குத் தெம்பு வரவில்லை. பிரதிகளை எல்லாம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். ஒன்று மட்டும் தப்பி வாசிகசாலைக்குப் போய்விட்டது.

பிறகு கேட்க வேண்டுமா? ஐஸ் நானா அதை வாடி வாடியாகக் கொண்டுபோய், ஆட்கள் ஐஸ் உடைத்து மீன் அடுக்கும்போது அத்தியாயம் அத்தியாயமாக உரக்க வாசித்தார். நான் பாண் வாங்கப் போனால் பேக்கரிக்காரர், "டீச்சர், அந்தப் பொடியன் யாரு? நம்ம ஊரா, மன்னார்ப் பக்கமா?" என்று கேட்டார். மீன்காரன் தராசைக் கீழே வைத்துவிட்டு, "அவன்தான் கொன்டானா டீச்சர்? நானா சொல்றாரில்ல" என்றான். உலகத்தில் உள்ள எல்லாக் கொலைகாரர்களையும் காட்டிக்கொடுத்த மனிதர், இவனை மட்டும் காட்டிக்கொடுக்கவில்லையாம்.

அந்த நேரம் பார்த்து ஹஸ்னாவுக்கு மதுரங்குளியிலிருந்து ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல பொடியன். அவளுக்கும் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வருவதாகச் சொன்னார்கள். தரகர் தயங்கித் தயங்கி, "புத்தகத்தைப் பத்தி ஒரு கேள்வி இரிக்கி என்டாங்க" என்றார். என் கணவர் கட்டாரில் இருந்தார். நேரே போய் ஐஸ் லொறியை மறித்தேன்.

"நானா, உங்கட வாயால என்ட புள்ளட கலியாணம் நின்டா, உங்களைச் சும்மா விடமாட்டன்! வெள்ளிக்கிழமை அவங்க வந்து கேட்டா நான் என்னத்தைச் சொல்ற?"

பிழை பிடிக்காமல் அவர் கேட்ட முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். சாக்கை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் உம்மா வட்டிலப்பத்தைத் தொடவேயில்லை.

"குறை நினைக்காதீங்க டீச்சர். புத்தகத்தை நான் வாசிக்கல்ல. என்ட மதினி கேள்விப்பட்டுச் சொன்னா. ஒரு கொமரு தனியாக் கடக்கரைக்குப் போய் ஒரு பொடியனைச் சந்திக்குதாம். கண்ணால பார்த்த மாதிரியே எழுதியிரிக்காம். போகாம, பார்க்காம அப்படி எழுத ஏலுமா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஒரு சலாம் கேட்டது. சாரத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கக்கத்தில் புத்தகத்தோடு ஐஸ் நானா நின்றார்.

"டீச்சர், உங்கட மகள்ட புத்தகத்துல பிழை இரிக்கி. சொல்லிட்டுப் போக வந்தன்."

"நானா, பிறகு வாங்க!"

"பிறகு என்டா ஐஸ் கரைஞ்சிரும்."

உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தே விட்டார்.

"சோழகக் காத்துல அந்தப் பொடியன் தோணி இறக்கினானாம். கடல் கொந்தளிக்கிற சோழகத்துல கடல் பக்கம் எந்தப் பைத்தியகாரன் தோணி இறக்குவான்? அவள் அந்தக் காத்துல ரகசியம் சொன்னாளாம், அவனுக்குக் கேட்டிச்சாம். பக்கத்துல நின்டு கூப்பாடு போட்டாலே கேக்காது! போதாததுக்கு மல்லிகை வாசம் வேற வந்திச்சாம். கருவாடு காயப்போட்ட இடத்துல மல்லிகை வாசம்!"

திரைக்குப் பின்னாலிருந்து ஹஸ்னா பாய்ந்து வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் பெண் இப்படி வரக்கூடாது என்பதெல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது.

"மல்லிகையா? நான் எங்க மல்லிகையைப் பத்தி எழுதின?"

நான் அவளுடைய காலை மிதித்தேன். மாப்பிள்ளையின் உம்மா, "எங்க, காட்டுங்க பார்ப்போம்" என்று கையை நீட்டினார். ஐஸ் நானா மரியாதையாகப் புத்தகத்தைக் கொடுத்தார். அது ஈரத்தில் ஒட்டி ஒரு செங்கல்லாகியிருந்தது. ஒரு பக்கத்தைக்கூடப் பிரிக்க முடியவில்லை.

"இது கடக்கரைக்குப் போன புள்ள எழுதினதில்ல" என்றார் ஐஸ் நானா, தீர்ப்பு வாசிப்பதுபோல. "வீட்டு ஜன்னலால தென்னமரத்தைப் பார்த்துப்போட்டு எழுதினது."

மாப்பிள்ளையின் உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "யா அல்லாஹ், கருவாட்டுக்குள்ள மல்லிகையா!" சிரித்து முடித்துவிட்டு வட்டிலப்பத்தைக் கிட்டே இழுத்தார். அந்த மாதமே நாள் குறித்தோம்.

ஹஸ்னா என்னோடு நாலு நாள் கதைக்கவில்லை. ஐஸ் நானாவுக்குக் கல்யாணப் பத்திரிகைகூட வைக்கவிடவில்லை. "என்ட புத்தகத்தை அசிங்கப்படுத்தின மனுசன்" என்பாள். எனக்கும் கோபம்தான். சபையில் அப்படியா பேசுவது?

போன வருடம் ஐஸ் நானா தொழிலை விட்டுவிட்டு, எலுவன்குளத்தில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். கடலும் ஐஸும் இல்லாத ஊர். அதற்குப் பிறகு வாசிகசாலைக்கு வெள்ளையடித்தார்கள். சாமான்களை ஒதுக்கிக் கொடுக்கப் போன என் கையில் அந்தக் கருத்துக் கொப்பி அகப்பட்டது. பக்கமெல்லாம் தண்ணீர் பட்டு மை பரவியிருந்தது. புரட்டிக்கொண்டு போனால் மகளின் நாவலுக்கும் ஒரு பக்கம். திகதியைப் பார்த்தேன். மதுரங்குளிக்காரர் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முந்தியது.

"எங்கள் கடற்கரையை இவ்வளவு சரியாக எழுதிய புத்தகத்தை நான் வாசித்ததில்லை. ஒரு பிழையும் இல்லை."

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து நாவலை முதல் தடவையாக முழுவதும் வாசித்தேன். அதில் சோழகம் இல்லை, மல்லிகை இல்லை. கடல் குளம்போலக் கிடக்கும் மாதம். கருவாட்டு வாடை இரண்டாம் அத்தியாயத்திலேயே வருகிறது. அன்றைக்கு என் வீட்டு முன்னறையில் அந்தக் கதையை முழுதாக வாசித்திருந்தது, எழுதியவளைத் தவிர, அவர் ஒருவர்தான். அப்படியானால் கடற்கரை அவளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி எனக்கு இப்போது புதிதாகத் தொடங்கியிருக்கிறது. அது வேறு.

அந்தக் கொப்பியை மறுநாள் ஹஸ்னாவிடம் கொடுத்தேன். அவள் அந்தப் பக்கத்தை விரலால் தடவினாள். அதில் மட்டும் ஒரு சொட்டு ஈரம்கூடப் பட்டிருக்கவில்லை. கையை நன்றாகத் துடைத்துவிட்டு எழுதியிருக்கிறார்.